வருகைப் பதிவேடு

காலை வண்டியை விட்டிறங்கி
மாலை வண்டி ஏறுவதற்குள்
மூன்று மணி நேரம் பத்து நிமிடம்.
மற்ற ஓட்டுநர்கள் ஓய்வறையில் கண்ணயர்வார்கள்.
நான் ஈசூன் நகர மன்ற அலுவலகத்துக்குப் போகிறேன்,
கூட்டக் குறிப்பு வாசிக்க.

சிரிக்கலாம். என் கணவரும் சிரித்தார்.

முகப்பைத் தாண்டி, தண்ணீர் இயந்திரத்துக்குப் பின்னால்
ஒரு மேசை, ஒரு நாற்காலி,
நீல முதுகுக் கோப்புகள் பதினொன்று.
நான்கு மொழியிலும் ஓர் அறிவிப்பு அட்டை.
தமிழில் மட்டும் துணைக்கால் விழுந்து
'பொதுமக்கள் பர்வைக்கு.'
நாற்காலிக்கும் ஒரு கால் குட்டை.

முதன்முறை வந்தது மின்தூக்கிக்காக.
எங்கள் புளோக்கில் அது அடிக்கடி நான்காம் மாடியை மறந்துவிடும்.
மூன்று, ஐந்து. மூன்று, ஐந்து.
நான்கில் சக்கர நாற்காலியோடு குவெக் இருக்கிறார்.
இரண்டு முறை புகார் எழுதினேன்.
கோப்பில் என்னைத் தேடினேன். இருந்தேன்:
'ஒரு குடியிருப்பாளர், மின்தூக்கி தொடர்பாக.'
பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரே சொல்,
தமிழில் சொன்னால்
தீர்க்கப்பட்டது.

யார் தீர்த்தார், என்றைக்கு, எந்தத் திருப்புளியால்?
செயப்பாட்டு வினைக்கு முகம் கிடையாது.

அதே பக்கத்தில், கொஞ்சம் கீழே, உருப்படி ஒன்பது:
வாசிப்பு மேசை. பயன்பாடு குறைவு.
எட்டு மாதத்தில் ஒரே கையெழுத்து.
அகற்றிவிட்டு இன்னொரு தண்ணீர் இயந்திரம் வைக்கலாம்.
அடுத்த கூட்டத்தில் முடிவு.

முகப்பில் இருந்த ஹஸ்வானியிடம் கேட்டேன்.
"யாரும் வருவதில்லையே" என்றாள்,
வெளியே வெயில் என்று சொல்வதுபோல.

காலியாக ஓடும் வண்டியை எனக்குத் தெரியும்.
இரவுக் கடைசிச் சுற்றில்
ஏர்கான் காற்றும் நானும்தான்.
பதினேழு நிறுத்தம் இருட்டாகப் போகும்.
பதினெட்டாவதில் ஒருத்தி ஓடிவருவாள்,
பாத்திரம் கழுவி ஊறிய விரல்களில் அட்டையைப் பிடித்தபடி.
ஆளில்லை என்று அந்தத் தடத்தை நிறுத்தினால்
அப்படி ஒருத்தி இருந்ததே
எந்தக் கணக்கிலும் வராது.

அதனால் வியாழன்தோறும் கையெழுத்துப் போடுகிறேன்.
வடிவழகி. வந்த நேரம் 11.40. நோக்கம்: மின்தூக்கி.
அடுத்த வாரம்: மின்தூக்கி, புறா.
(புறாக்கள்மீது ஒன்பது புகார்.
புறாக்கள் தரப்பு பதிவாகவில்லை.)
மூன்றாம் வாரம் நோக்கம் ஒன்றும் தோன்றாமல்
'சும்மா' என்று எழுதினேன்.
நம் வீட்டுக் கணக்கை நாம் பார்க்கச்
சும்மா போதாதா?

குவெக்குக்கு அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இருமுறை படித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
நாள்காட்டியில் கிழித்த தாள்கள் ஒரு கட்டு எடுத்துத் தந்தார்,
மின்தூக்கி அவரை மறந்த நாள்கள்
முப்பத்தொன்று, சிவப்புப் பேனாவில்.
படி எடுத்துக் கொடுத்துவிட்டு
பெற்றுக்கொண்டதற்கு முத்திரை கேட்டேன்.
ஹஸ்வானி முத்திரையைத் தேட நேரமானது.
கிடைத்ததும் ஓங்கிக் குத்தினாள்.

இந்த வாரம் என் பெயருக்குக் கீழே
குவெக் லீ சான். அவர் மகள்.
அதற்கும் கீழே ரோஸ்னா, பிறகு
எனக்குப் புரியாத ஒரு கையெழுத்து.
நோக்கம் என்ற கட்டத்தில்
யாரோ ஒரு புறா வரைந்திருக்கிறார்கள்.

புதிய குறிப்பும் வந்துவிட்டது.
மின்தூக்கி: நிலுவையில்.
வாசிப்பு மேசை: முடிவு ஒத்திவைக்கப்பட்டது.
இதற்கும் முகம் கிடையாதுதான்.
ஆனால் இந்த வினையில் யார் யார் இருக்கிறோம் என்று
எனக்குத் தெரியும்.

குட்டைக் காலுக்குப் பழைய நேர அட்டவணையை
நான்காக மடித்து வைத்தேன்.
பேனாவைத் திறந்து அட்டையில்
ப-வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டேன்.
ஹஸ்வானி பார்த்தாள்.
பிறகு அச்சு இயந்திரத்தில் தாள் இருக்கிறதா என்று பார்த்தாள்.

மணி இரண்டாகப் போகிறது.
வண்டி எடுக்க வேண்டும்.